சேப்பு மோடு

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியாது. இதை நான் கற்பூரம் அடித்துச் சொன்னாலும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்து மூன்று வயதில், எல்லாம் தெரியும் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்ததே நான்தான்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் தொங்கும் அட்டை, ஏசியில் நடுங்கிக்கொண்டே குடிக்கிற காப்பி. பதவியின் பெயர் நீளமாக இருக்கும். வேலை என்னவோ டெஸ்டிங். அதாவது மற்றவர்கள் எழுதிய புரோகிராமைத் தட்டித் தட்டிப் பார்த்து, இங்கே தப்பு, அங்கே தப்பு என்று சொல்லவேண்டும். தப்பை எப்படிச் சரிசெய்வது என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்று சாயந்திரமே திருநெல்வேலிக்கு ரயில் ஏற்றியிருப்பார்கள்.

திருநெல்வேலியில் அப்பா அம்மா. திருவனந்தபுரத்தில் நான் தங்கியிருந்தது ஸ்ரீவராகத்தில் என் அத்தை வீட்டில். அத்தை நல்லவள், சத்தமாகப் பேசுபவள். அத்திம்பேர் பத்மநாபன், அத்தையின் கணவர், டிரஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். 'மூடியை இடப்பக்கம் திருகித் திறக்கவும்' என்று மருந்து பாட்டிலில் எழுதியிருந்தால், மூடி ஏற்கெனவே திறந்திருந்தாலும் ஒருமுறை மூடிவிட்டு இடப்பக்கம் திருகித் திறப்பார். அவர்கள் பெண் லல்லி என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

(ஆமாம், நத்தை. வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்காத வீட்டில் நத்தை. கொல்லையில் கண்ணாடித் தொட்டியில் வைத்திருப்பாள். அத்தை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள்.)

மூன்று வருஷம் மழையில் நனைந்து, டார்ச் அடித்து, வாழைத் தோட்டமெல்லாம் அலைந்து லல்லி பிடித்த நத்தைகளின் மொத்த வரலாறும் அந்த வீட்டின் உள்ளறைக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஆய்வேட்டை அந்த வாரக் கடைசிக்குள் அச்செடுத்து, பைண்ட் செய்து, பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அவளுடைய கைடு வெளிநாடு போய்விடுவார், எல்லாம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். அந்த வருஷத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட அத்தை ஜாதகக் கட்டோடு காத்திருந்தாள். ஆகவே லல்லிக்கு அது வெறும் ஆய்வேடு இல்லை.

இந்த நிலைமையில்தான் நான் மூக்கை நுழைத்தேன்.

அந்தச் சமயம் ஊரெல்லாம் ஒரு வைரஸ் பரவியிருந்தது. கம்ப்யூட்டர் திடீரென்று தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். லல்லி கம்ப்யூட்டருக்கு அது வரவில்லை. வந்துவிடக்கூடாதே என்று நான்தான் ஆபீஸிலிருந்து ஒரு சிடி கொண்டுவந்தேன். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான புது அப்டேட். "இதப் போட்டுட்டா ஒரு வைரஸும் கிட்ட வராது" என்றேன், தடுப்பூசி போட வந்த நர்ஸ் மாதிரி.

"இப்ப நன்னாத்தானேடி ஓடறது?" என்றாள் லல்லி.

"அது உனக்குத் தெரியற ஓட்டம். உள்ள என்ன நடக்கறதுன்னு எங்களுக்குத்தான் தெரியும்."

(எங்களுக்கு என்றால் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.)

வாசல்படியிலிருந்து அத்திம்பேர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "உமா, எட்டு மணிக்கு நம்ம பாகத்துக்கு லோட் ஷெட்டிங் ஆக்கும். அதுக்குள்ள முடியுமோ?"

கேரளத்தில் அப்போது தினமும் சாயந்திரம் அரைமணி நேரம் கரண்ட் போகும். எந்தத் தெருவுக்கு எப்போது என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ராத்திரிச் சாப்பாடு, டிவி சீரியல், பெண் பார்க்க வருவது எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்வார்கள். ஊரே அடங்கிப் போகிற விஷயத்தை நான், "அதெல்லாம் இருபது நிமிஷம் போறும் அத்திம்பேர்" என்று கையை வீசித் தள்ளிவிட்டேன்.

இருபது நிமிஷம் போதவில்லை. எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் நீலப் பட்டை பாதிக்குமேல் வந்து, அங்கேயே நின்று யோசித்தது. எட்டு அடித்தது. கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டருக்குக் காவலாக யூபிஎஸ் என்று ஒரு பெட்டி இருந்தது. அது கீகீ என்று கத்தியது. அது செய்த உதவி அவ்வளவுதான். கத்தி முடித்துவிட்டு அதுவும் படுத்துவிட்டது.

கரண்ட் வந்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டால், கம்பெனிச் சின்னம் வரும், கறுப்பாகும், மறுபடி முதலிலிருந்து கம்பெனிச் சின்னம் வரும். அதற்கு மேல் நகரவில்லை. லல்லி என்னைப் பார்த்தாள். "சின்ன விஷயம்" என்றேன். "ஆபீஸ்ல கேட்டுண்டு... இல்லை, ஆபீஸ் போய் யோசிச்சுட்டு போன் பண்றேன்."

மறுநாள் ஆபீஸில் யோசித்தேன் என்றால், பக்கத்து மேஜை பிஜுவிடம் கேட்டேன் என்று அர்த்தம். பிஜுவுக்கு உண்மையிலேயே விஷயம் தெரியும். நெய்யாற்றின்கரைக்காரன், மலையாளி. "சேஃப் மோடில் கேற்றியிட்டு ஆ அப்டேட் அங்ஙு களஞ்ஞால் மதி" என்றான். சேஃப் மோடில் நுழைந்து அப்டேட்டை நீக்கினால் போதும். ஸ்டார்ட் ஆகும்போதே எஃப் எட்டு என்ற பொத்தானை அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். அதில் அம்புக்குறியால் கீழே நகர்ந்து, சேஃப் மோட் என்ற வரியைப் பிடிக்கவேண்டும். இவ்வளவுதானா என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடனே ஆபீஸ் போனிலிருந்து வீட்டுக்கு அடித்தேன்.

லல்லி கைடிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தாள். போனை எடுத்தது அத்தை. போன் இருந்தது கூடத்தில். கம்ப்யூட்டர் இருந்தது உள்ளறையில். போன் ஒயர் அவ்வளவு தூரம் நீளாது. ஆகவே நான் அத்தையிடம் சொல்ல, அத்தை உள்ளே இருந்த அத்திம்பேரிடம் கூவ, அத்திம்பேர் செய்ய, அவர் சொல்வதை அத்தை திரும்ப என்னிடம் சொல்ல என்று ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு வரமுடியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அத்தை, ஆன் பண்ணின உடனே எஃப் எட்ட அமுக்கச் சொல்லுங்கோ."

"ஏன்னா, எஃப் எட்டறதான்னு கேக்கறா."

உள்ளிருந்து அத்திம்பேர் குரல் லேசாகக் கேட்டது. அத்தை சொன்னாள்: "நன்னா எட்டறதாம்டி. நாற்காலிய முன்னாடி போட்டுண்டுதான் உக்காந்திருக்கார்."

"எட்டறது இல்லை அத்தை. எட்டு. ஏழு, எட்டு."

"ஓ, எண்ணா. ஏன்னா, எஃபும் எட்டும் அமுக்கணுமாம்."

அதை அவர் செய்தார். எஃப் என்ற எழுத்தை ஒரு விரலாலும், எட்டு என்ற எண்ணை இன்னொரு விரலாலும், ஹார்மோனியம் வாசிப்பதுபோல. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. "அமுக்கியாச்சாம். எழுத்தெல்லாம் வரதாம்" என்றாள் அத்தை. எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் முதலில் எழுத்தெல்லாம் வரத்தான் செய்யும். நானோ பட்டியல் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இப்ப சேஃப் மோட் எங்க இருக்குன்னு பாக்கச் சொல்லுங்கோ."

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடவேண்டும். அத்தை வீட்டுப் பாஷையில் சிவப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சேப்பு என்பார்கள். சேப்புப் பட்டுப்பாவாடை, சேப்பு அரளி, ஆள் நல்ல சேப்பு. அத்தைக்கு என் இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்தது இப்படித்தான்.

"ஏன்னா, சேப்பு மோடுல போடணுமாம். சேப்பா என்ன இருக்குன்னு பாருங்கோ."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சேப்பா ஒண்ணும் காணலையாம்டி."

ஆபீஸ் இரைச்சலில் அது என் காதில் 'சேஃபா' என்றுதான் விழுந்தது. "இருக்கும் அத்தை. நன்னாப் பாக்கச் சொல்லுங்கோ."

"முன்னாடி இல்லையாம். பின்னாடி பாக்கட்டுமான்னு கேக்கறார்."

பட்டியலில் பின்னாடி இருக்கும் என்று நான் புரிந்துகொண்டேன். "பாக்கட்டும்."

"இருக்காம், இருக்காம். பின்னாடி சேப்பா ஒண்ணு இருக்காம்."

"அதேதான். அதைக் கீழ தள்ளணும்."

இந்த இடத்தில் எங்கள் டீம் லீடர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சொந்த வேலைக்கு ஆபீஸ் போனா என்று புருவத்தால் கேட்டார். நான் கிளையன்ட்டிடம் பேசுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கையால தள்ள வரலையாம். பேனா முனையால தள்ளலாமா?"

"எதாலயாவது தள்ளச் சொல்லுங்கோ. சீக்கிரம்."

"தள்ளியாச்சாம். பேடிக்க வேண்டாம், ஸ்விட்சை அணைச்சுட்டுத்தான் பின்னாடி கைய விட்டாராம். நம்பர்கூட மாறிடுத்தாம்."

"எந்த நம்பர்?"

அத்தை உள்ளே கேட்டு வந்தாள். "முன்ன இருநூத்தி முப்பதுன்னு இருந்துதாம். இப்ப நூத்திப் பதினஞ்சுன்னு இருக்காம். அது என்னன்னு கேக்கறார்."

கேட்டது ஒரு நியாயமான மனிதர். அந்த நிமிஷம் 'தெரியலை அத்திம்பேர்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் டீம் லீடர் நிற்கிறார், நான் சாஃப்ட்வேர்காரி. தெரியலை என்ற சொல்லை எப்படி வாயால் சொல்வது?

"அது வெர்ஷன் நம்பர் அத்தை" என்றேன். "புது அப்டேட் போய் பழைய வெர்ஷனுக்கு இறங்கியிருக்கு. ரொம்ப நல்லது. இப்ப ஆன் பண்ணச் சொல்லுங்கோ."

"ஏன்னா, அது வெர்ஷன் நம்பராம். நல்லதுக்குத்தானாம். போடுங்கோ."

டப்.

போனிலேயே கேட்டது. தீபாவளியன்று பக்கத்துத் தெருவில் வெடிக்கிற அளவுக்கு இருந்தது. பிறகு அத்தை, ரொம்ப மரியாதையாக, "இதாக்குமா சேப்பு மோடு?" என்று கேட்டாள்.

"அத்தை, என்ன ஆச்சு?"

"டப்புன்னுது. கரண்ட் போயிடுத்து. லோட் ஷெட்டிங் இன்னிக்குப் பகல்லயே வந்துடுத்தோ என்னவோ. பெட்டிலேருந்து புகை வரதுன்னு பரயறார். அதுவும் நல்லதுக்குத்தானே?"

நான் போனை வைத்துவிட்டு பிஜுவைப் பார்த்தேன். முழுக்கதையும் சொன்னேன். பின்னாடி, சேப்பு, பேனா முனை, நூத்திப் பதினஞ்சு. பிஜு மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்புறம்தான் எனக்கு விளக்கினான். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம், கரண்ட் நுழைகிற இடத்தில், சின்னதாகச் சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். நம் ஊர் கரண்டுக்கு இருநூற்று முப்பது வோல்ட். அமெரிக்காவுக்கு நூற்றுப் பதினைந்து. அத்திம்பேர் நான் சொன்னபடி கம்ப்யூட்டரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, ஸ்ரீவராகத்துக் கரண்டைக் கொடுத்திருந்தார்.

"ஹார்ட் டிஸ்க்?" என்று கேட்டேன். லல்லியின் ஆய்வேடு அதில்தான் இருந்தது.

அவன் சிரிப்பை நிறுத்தினான். "சாத்யத உண்டு" என்றான். பிழைத்திருக்கவும் சாத்தியம் உண்டு, போயிருக்கவும் சாத்தியம் உண்டு. எதற்கென்று நான் கேட்கவில்லை. நத்தைகள் என் கண்முன் வரிசையாகப் போயின. லல்லி மழைக்கோட்டோடு வாழைத் தோட்டத்தில் குனிந்து நிற்பது தெரிந்தது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் நானாகப் போய்க் கைவைத்தேன் என்பது அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது. உண்மையாகவே பயந்துபோனேன்.

டீம் லீடரிடம் வீட்டில் ஒரு விபத்து என்று சொன்னேன் (பொய்யில்லை). பிஜு தன் ஹாஸ்டலில் பழைய பவர் சப்ளை ஒன்று வைத்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு அவன் பைக்கில் கிளம்பினோம். உள்ளூர் என்கிற இடத்தில் ஒரு ஜாம், கேசவதாசபுரத்தில் ஒரு ஜாம், கிழக்கேகோட்டையில் எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தன. வேறு நாளாக இருந்தால், அத்தை வீட்டுத் தெருவில் நான் ஒரு பையன் பின்னால் பைக்கில் வந்து இறங்கியது ஒரு மாதத்துக்குப் பேச்சாக இருந்திருக்கும். அன்று யாரும் கவனிக்கவில்லை. தெருவில் எல்லோரும் 'பத்மநாபன் சார் ஆத்து கம்ப்யூட்டர் வெடித்ததை'ப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

லல்லி எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். கைடு கையெழுத்திட்ட தாள்கள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"உமா, எல்லாம் போயிடுத்தா?"

அதற்கு மட்டும் என்னிடம் வெர்ஷன் நம்பர் எதுவும் இல்லை. "தெரியலை லல்லி" என்றேன். அந்த வீட்டில் நான் முதல்முறையாகச் சொன்ன தெரியலை.

அத்திம்பேர் உள்ளறையில், பேனாவும் கையுமாகவே நின்றுகொண்டிருந்தார். "நீ பரஞ்சதத்தான் பண்ணினேன், கேட்டியா" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் சொன்னதைச் செய்ததில் எங்கோ தன்னுடைய தவறும் இருக்குமோ என்று கவலையாகச் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிஜு பெட்டியைத் திறந்தான். கருகிய வாசனை அத்தையின் சாம்பிராணியை மீறி வந்தது. வெந்துபோன பவர் சப்ளையைக் கழற்றி, கொண்டுவந்ததை மாட்டினான். நாங்கள் நாலு பேரும் அறை வாசலில் நின்றோம். அத்தை வாய்க்குள் ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்திம்பேர் ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "லோட் ஷெட்டிங்குக்கு இனியும் நேரம் உண்டு" என்று அறிவித்தார். அன்று அவர் சொன்னதை நான் காதுகொடுத்துக் கேட்டேன்.

பிஜு ஸ்விட்சைப் போட்டான். டப் இல்லை. விசிறி சுற்றியது. கம்பெனிச் சின்னம் வந்தது, கறுப்பாயிற்று, மறுபடி சின்னம் வந்தது. முதல்நாள் பார்த்த அதே கோளாறு. இப்போது அதைப் பார்த்து நான் கைகூப்பாத குறை. கோளாறு இருக்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது.

அடுத்தமுறை ஸ்டார்ட் ஆகும்போது நானே எஃப் எட்டை அமுக்கினேன். பட்டியல் வந்தது. கீழே தள்ளினேன். திரை கறுப்பாகி, நாலு மூலையிலும் வெள்ளை எழுத்தில் சேஃப் மோட் என்று வந்து நின்றது.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு மூலையையும் பார்த்தாள். "இதுல சேப்பு எங்கடி இருக்கு?" என்றாள்.

பிஜு அப்டேட்டை நீக்கினான், மறுபடி ஸ்டார்ட் செய்தான். லல்லி என்னை நகர்த்திவிட்டு மௌஸைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஃபைல் திறந்தது. நத்தைகள் அத்தனையும், கொம்பு முதல் ஓடு வரை, பத்திரமாக இருந்தன. லல்லி கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். எவ்வளவு நிம்மதி என்று எழுதிச் சொல்ல வராது. அத்தை அழவில்லை. பிஜுவுக்கு அடை வார்க்கப் போனாள்.

அந்தக் காலத்தில் பென் டிரைவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது ஒரு கௌரவம். பிஜு தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். எட்டு மணிக்குக் கரண்ட் போவதற்குள் ஆய்வேடு அதில் ஏறிவிட்டது. இருட்டில், குத்துவிளக்கு வெளிச்சத்தில், அவன் ஐந்தாவது அடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்திம்பேர் அவனிடம் ரகசியமாக, "மோனே, இந்த நூத்திப் பதினஞ்சு ஏது வெர்ஷனாணு?" என்று கேட்டார். புரையேறியதில் அவன் முதுகை அத்தை தட்டவேண்டியிருந்தது.

லல்லி ஆய்வேட்டை நேரத்தில் கொடுத்துவிட்டாள். பைண்டிங் கடையில் எல்லோரும் வாங்குகிற கறுப்பு அட்டை வேண்டாம் என்று சொல்லி, சிவப்பு ரெக்ஸின்தான் வேண்டும் என்று நின்று போட்டு வாங்கினாள். அதற்குள்ளே நன்றியுரையில் நத்தைகளுக்கு முன்னால் என் பெயர் இருக்கிறது, 'இந்த ஆய்வின் உறுதியைச் சோதித்தவர்' என்று. அத்திம்பேர் அந்தச் சிவப்பு ஸ்விட்சின் மேல் மருந்துப் பிளாஸ்திரி ஒட்டினார். அந்தக் கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போகும் நாள்வரை பிளாஸ்திரியை மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாராவது தெரியாத விஷயத்தைத் தெரிந்தமாதிரி பேசினால், "அது வெர்ஷன் நம்பர்" என்று ஒரு குரல் வரும். ஊருக்குக் கிளம்பினால் அத்தை எல்லோரையும் "சேப்பாப் போயிட்டு வாங்கோ" என்றுதான் வழியனுப்புவாள். முதலில் கிண்டலாகச் சொன்னாள். இப்போது அவளுக்கு அதுவே சொல்லாகிவிட்டது.

சில வருஷம் கழித்து எனக்குப் பெண் பிறந்தது. நாள் தள்ளிப்போய், எல்லோரையும் பயமுறுத்திவிட்டுத்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி முதல் போனை ஸ்ரீவராகத்துக்குத்தான் செய்தேன். வீட்டில் செல்போன் வந்துவிட்டிருந்தது. ஆனாலும் அத்தை கூடத்தில் நின்றுதான் பேசினாள், அத்திம்பேர் உள்ளறையிலிருந்துதான் கேட்டார்.

"ரெண்டு பேரும் சேப்புதானேடி?" அத்தை முதலில் கேட்டது அதுதான்.

"சேஃப்தான் அத்தை. குழந்தை சேப்பும்கூட."

"ஏன்னா, ரெண்டு பேரும் சேப்பாம்." உள்ளிருந்து ஏதோ கேட்டது. "எடை என்னன்னு கேக்கறார்."

"மூணு புள்ளி ஒண்ணு."

அத்தை கூவினாள். பிறகு உள்ளறையிலிருந்து அத்திம்பேர் குரல், நிதானமாக, எனக்கே நேராகக் கேட்கிற மாதிரி வந்தது.

"அது வெர்ஷன் நம்பராக்கும்னு அவள்ட்டச் சொல்லு."